துப்பாக்கிக்குப் போட்ட பித்தளை வளையம்

தேர்தல் தேதி அறிவித்த அன்று டிவி பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"என்னங்க, உங்க திருவிழா வந்துடுச்சி. சட்டையத் தேச்சி வையுங்க."

எனக்குக் கட்சி எதுவும் கிடையாது. நாலு பேர் கூடுகிற இடத்துக்கே போகத் தயங்குகிறவன். அவள் சொன்ன திருவிழா வேறு. தேர்தல் வந்தால், லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு அது அலைச்சல். எனக்கோ, சுற்றுப்பக்கத்துத் துப்பாக்கிகள் எல்லாம் ஒரே மரத்தடிக்கு வந்து சேர்கிற நாள். ஐந்து வருடத்தில் இரண்டு மூன்று முறைதான் வாய்க்கும்.

என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. ஒற்றைக்குழல். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டு, நீளக் கம்பியால் இடித்து, பின்னால் பொட்டுவெடி மாதிரி ஒரு சின்னக் கேப்பு வைத்துச் சுடுகிற பழைய காலத்துச் சாமான். எங்கள் பக்கத்தில் மருந்துத் துப்பாக்கி என்பார்கள். முத்தாண்டிக்குப்பத்துக்குப் பக்கத்தில் என் மனைவி வீட்டாருக்கு ஒரு முந்திரித் தோப்பும், அதை ஒட்டி மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற கொஞ்ச நிலமும் இருக்கின்றன. காட்டுப்பன்றி வந்து மல்லாட்டையைக் கிளறும். அதை விரட்டத்தான் என் மாமனார் லைசென்ஸ் வாங்கியிருந்தார். அவர் போன பிறகு மச்சான் அதைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். தோப்பைப் பார்த்துக்கொள்வதெல்லாம் அவர்தான். மாடு முட்ட வந்தால்கூட அசையமாட்டார். வேட்டுச் சத்தம் கேட்டால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதனால் லைசென்ஸ் என் பெயருக்கு வந்தது.

நான் நிலக்கரிச் சுரங்கத்தில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். என் அப்பா தெற்கே இருந்து இந்த வேலைக்கு வந்தவர். நான் டவுன்ஷிப்பிலேயே பிறந்து, பத்தாவது முடித்து, பல வருடம் கான்ட்ராக்டில் இருந்து, பிறகு பெர்மனென்ட் ஆனவன். பேச்சு எனக்கு வராது. அதிகாரி வந்து "என்ன பிரச்சினை?" என்று கேட்டால், தேய்ந்துபோன போல்ட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுவேன். அது பதில் சொல்லிவிடும்.

முதன்முதலில் அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கியபோது எனக்கு வந்தது பயமும் இல்லை, பெருமையும் இல்லை. எரிச்சல்தான் வந்தது. தோளில் வைக்கிற கட்டை நடுவில் விரிசல் விட்டிருந்தது. யாரோ அதன்மேல் கருப்புப் பெயின்டைத் தடவி, கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டிருந்தார்கள். ஒரு ஃபிட்டரின் கண்ணுக்குக் கட்டுக்கம்பி ஆகவே ஆகாது. வேலை தெரியாதவன் போட்டுவிட்டுப் போன கையெழுத்து அது. அந்தக் கம்பியை மட்டும் எடுத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

கம்பியை எடுத்ததும் கட்டை இரண்டாக வந்தது. சரி, புதுக் கட்டை போடலாம் என்று நினைத்தேன். தோப்பில் ஒரு பலாமரம் புயலில் சாய்ந்து, அறுத்துப் போட்டது போட்டபடி நிழலில் காய்ந்துகொண்டிருந்தது. பலாக்கட்டையை அறுத்த புதிதில் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். நாளாக நாளாகத் தேன் நிறத்துக்கு வரும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்கும். அதில் வரி ஓடுகிற இடமாகப் பார்த்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன்.

துப்பாக்கி தோப்பு வீட்டில், பூட்டுப் போட்ட பெரிய மரப்பெட்டியில்தான் இருக்கும். அதை விட்டு வராது. கட்டையை மட்டும் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்து, ஷிஃப்ட் முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்து இழைப்பேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு கேள்வி கேட்பார்கள். "கிரிக்கெட் பேட்டா?" என்று ஒருவர். "வீணையா சார்?" என்று ஒருவர். எல்லோருக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். கடைசியில் எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் நான் வீணை வாசிப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். நவராத்திரிக்கு வாசிக்க முடியுமா என்று ஒரு அம்மா கேட்டே விட்டார்கள். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவரு மேடையில வாசிக்க மாட்டாரும்மா, கூச்சம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

தப்பும் செய்திருக்கிறேன். கட்டையில் பூச்சி அரிக்காமல் இருக்க முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெயைத் தடவலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வெறுங்கையால் தேய்த்தேன். அது தோலைப் பொசுக்கும் என்று முந்திரிக்காரர்கள் வீட்டில் பெண் எடுத்த எனக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டது. ஒரு வாரம் கட்டுப் போட்ட கையோடு வேலைக்குப் போனேன். என்ன ஆச்சு என்று கேட்ட மேஸ்திரியிடம் "எண்ணெய்" என்றேன். வீட்டில் பஜ்ஜி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன் என்று செக்‌ஷன் முழுக்கப் பேச்சாகிவிட்டது. மறுத்துச் சொல்ல நீளமாகப் பேச வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டேன். அந்தக் கட்டையை மறுபடி இழைத்து, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். வாரக்கணக்கில் தேய்த்தேன். கன்னம் படுகிற இடத்தில் ஒரு முந்திரிப்பழம் செதுக்கினேன். கீழே கொட்டை தொங்குகிற மாதிரி. தோளில் படுகிற அடிப்பக்கத்துக்கு ரப்பர் வேண்டியிருந்தது. என் மனைவியின் ஒற்றைச் செருப்பு வார் அறுந்து கிடந்தது. நீல நிறம். வெட்டி ஒட்டினேன். அளவாகப் பொருந்தியது.

"ஊர்ல இல்லாத கூத்து," என்றாள் அவள். "பொண்டாட்டி செருப்ப தோள்ல வச்சிக்கினு சுடற ஆம்பளைய இப்பதான் பாக்கறேன்."

பழைய கருப்புக் கட்டையையும் அவள் வீணாக்கவில்லை. தோப்பு வீட்டு வாசல் பலாமரத்தில் தாழ்ந்து தொங்குகிற பழத்துக்கு அதை முட்டுக் கொடுத்துவிட்டாள். இன்றும் அது அங்கேதான் நிற்கிறது.

நான் சுடுவது அபூர்வம். சுட்டாலும் வெறும் மருந்து மட்டும்தான். பன்றி ஓடினால் போதும். எனக்குப் பிடித்தது சுடுவது இல்லை. கட்டையையும் இரும்பையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து, நடுவில் ஒரு முடி நுழையாதபடி உட்கார வைப்பது. வாரவிடுமுறையில் தோப்பு வீட்டுத் தாழ்வாரத்தில் துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தால் எனக்குச் சாப்பாட்டு நினைவே வராது.

இப்போது தேர்தல் திருவிழாவுக்கு வருகிறேன். ஸ்டேஷன் வளாகத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. ஒப்படைக்க வருகிறவர்கள் லைசென்ஸ் புத்தகத்தோடு அதன் நிழலில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மருந்துத் துப்பாக்கி. அப்போதுதான் தெரியும், இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை என்று. ஒருவருடைய கட்டை முழுக்க சைக்கிள் டியூபைச் சுற்றியிருப்பார், மழையில் வழுக்காதாம். ஒருவர் கேப்பை அடிக்கிற சுத்திக்கு மயில் தலை வைத்திருப்பார், கொண்டைகூட இருக்கும். ஒன்று கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டில் பளபளக்கும். இன்னொன்றின் உடைந்த கட்டையை ஓட்டைப் பித்தளைக் குடத்திலிருந்து வெட்டிய தகட்டால் ஒட்டுப்போட்டிருப்பார்கள். ஆணி ஒவ்வொன்றும் கோலப்புள்ளி மாதிரி வரிசையாக.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒரு பாயுடையது. அவருக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் தையல் சாமான் கடை. அவருடைய முந்திரித் தோப்பு எங்கள் பக்கம் என்பதால் இந்த ஸ்டேஷனுக்கு வருவார். கட்டையில் சின்னச் சின்னக் குழி எடுத்து, சட்டைப் பொத்தான்களைப் பதித்திருந்தார். சிப்பிப் பொத்தான்கள். வெயில் படும்போது ஒவ்வொன்றும் ஒரு நிறம் காட்டும். அதைப் பார்த்த முதல் தேர்தலில் அவர் பின்னாலேயே நின்றேன். இரண்டாவது தேர்தலில் அவரே திரும்பி, "தொட்டுப் பாருங்க தம்பி, கடிக்காது" என்றார். அதன் பிறகு தேர்தலுக்குத் தேர்தல் நாங்கள் சிநேகிதர்கள்.

மனைவி டிவி பார்த்துக் கத்திய அந்தத் தேர்தலுக்கு, என் துப்பாக்கியை அவரிடம் காட்ட ஒரு புது வேலை செய்து வைத்திருந்தேன். வடலூரில் பழைய பாத்திரக்கடையில் உடைந்த குத்துவிளக்கு ஒன்று கிடைத்தது. அதன் தண்டில் வரி வரியாகக் கடைந்த ஒரு பாகம். அதை மட்டும் வெட்டி, லேத் பட்டறையில் உள்ளே துளை போடச் சொன்னேன். குழல் பின்பக்கம் போகப் போகத் தடித்துக்கொண்டே போகும். அந்தத் தடிப்பை விட ஒரு நூலிழை குறைவாகத் துளை வைத்தேன். சுரங்கத்தில் பெரிய பேரிங்குகளை அப்படித்தான் ஏற்றுவோம். பேரிங்கைச் சூடு பண்ணினால் அது விரியும். விரிந்ததும் தண்டின்மேல் ஏற்றிவிட்டால், ஆறியதும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம். அடித்தாலும் நகராது. அதே மாதிரி வளையத்தைச் சூடு பண்ணிக் குழலின் அடிப்பக்கம் வரை ஏற்றினேன். "டிக்" என்று ஒரு சத்தம். பிடித்துக்கொண்டது. பலாவின் தேன் நிறமும் கருத்த இரும்பும் சேருகிற இடத்தில் அந்தப் பித்தளை, கழுத்தில் போட்ட காசுமாலை மாதிரி இருந்தது. அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒப்படைக்கக் கடைசி நாள் வரை நான் போகவில்லை. வளையத்துக்கு இன்னும் ஒரு முறை பாலிஷ், இன்னும் ஒரு முறை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். "சீக்கிரம் குடுத்துட்டு வாங்க" என்று மனைவி தினமும் சொன்னாள். கடைசி நாள் மதியம் அவளும் கூட வந்தாள். ஸ்டேஷனில் கேள்வி கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். பாயும் கடைசி நாளுக்குத்தான் வந்திருந்தார். உறையைப் பிரித்ததும் அவர் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"யா அல்லா! என்னா தம்பி இது, கல்யாணப் பொண்ணாட்டம் சோடிச்சிக் கூட்டியாந்திருக்கீங்க?"

"பொறந்த வூட்டுல போட்ட நகைங்க," என்றாள் என் மனைவி. "எனக்குப் போட்டத விட ஜாஸ்தி."

பச்சைப் பெயின்ட்காரர் வந்தார். மயில்காரர் வந்தார். ஆளாளுக்கு வளையத்தைத் தடவிப் பார்த்தார்கள். எங்கே ஆணி, எங்கே ஒட்டு என்று தேடினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

எங்கள் முறை வந்தது. ஸ்டேஷனில் பதிவேடு எழுதுகிறவரை ரைட்டர் என்பார்கள். அதற்கு முந்தின தேர்தல் வரை லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டு, துப்பாக்கிக்கு ஒரு சீட்டுக் கட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். இந்த முறை ரைட்டர் புதியவர். குழலில் வெட்டியிருக்கிற நம்பரைக் கண்ணால் பார்த்து, செல்போனில் படமும் எடுத்துக்கொண்டிருந்தார்.

"புத்தகத்துல கருப்புக் கட்டைன்னு இருக்கு. இது மஞ்சளா இருக்கு," என்றார் அவர். "சரி, கட்டைய மாத்தலாம். நம்பர் எங்க?"

நான் குழலைப் பார்த்தேன். அந்த ஒரு நொடியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. நம்பர் குழலின் அடிப்பக்கம், மேலே இருக்கும். எனக்கு அது மனப்பாடம். அதைத் துடைத்துத் துடைத்து விரலுக்கே தெரியும். அதே இடத்தின்மேல்தான் வளையத்தை ஏற்றி வைத்திருக்கிறேன்.

"உள்ள," என்றேன்.

"எதுக்குள்ள?"

விரலால் வளையத்தைக் காட்டினேன்.

"அப்ப வளையத்தக் கழட்டுங்க."

நான் தலையை ஆட்டினேன். முடியாது என்ற அர்த்தத்தில்தான் ஆட்டினேன். அவர் சரி என்று எடுத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன, கழட்டலியா?" என்றார்.

"அது வராதுங்க சார்," என்று மனைவி குறுக்கே வந்தாள். "அடிச்சாலும் வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறாரு. வளையம் போட்டவரு கண்ணாடி போட்டுக்கல, நம்பர் மேலயே ஏத்திட்டாரு. நல்ல மனுசன் சார். சுரங்கத்துல பெர்மனென்ட்."

"அம்மா, நல்ல மனுசனா இருக்கலாம். நான் எழுதற ரிஜிஸ்டர்ல அதுக்குக் கட்டம் இல்ல," என்றார் ரைட்டர். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "நம்பர் தெரியாத துப்பாக்கி, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. அஞ்சு மணிக்கு ரிஜிஸ்டர முடிக்கணும். அதுக்குள்ள நம்பரக் காட்டினா வாங்கிக்கறேன். இல்லன்னா இத எடுத்து வச்சிட்டு மேல எழுதத்தான் வேணும். அப்புறம் திரும்பி வருமா வராதான்னு என்னைக் கேக்காதீங்க."

சுவரில் மணி நாலு தாண்டியிருந்தது.

ரம்பம் போட்டு வளையத்தை அறுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அறுத்தால் ரம்பம் நம்பரையும் சேர்த்துத் தின்றுவிடும். சுத்தியால் தட்டலாம் என்றார் இன்னொருவர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். துப்பாக்கி மேசைமேல் கிடந்தது. அதன் நீலச் செருப்பு என்னைப் பார்த்து இருந்தது. இது போய்விட்டால் வேறு துப்பாக்கி கிடைக்கலாம்; நான் தேய்த்த இந்தக் கட்டை கிடைக்காது. ஏதோ ஒரு அறையில் கரையான் தின்னும். அந்தப் படம் மனதில் வந்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

"கொதிக்கிற தண்ணி வேணும். ஐஸும் வேணும்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். "பித்தளை சூட்டுக்கு இரும்ப விட ஜாஸ்தி விரியும். மேல வெந்நீர ஊத்தி வளையத்த விரிக்கணும். குழலுக்குள்ள ஐஸ் தண்ணி ஊத்தி இரும்பச் சுருக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா, முன்னால தள்ளலாம். அரை விரக்கடை நகந்தாப் போதும்."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பெண் பார்க்கப் போன அன்றுகூட நான் பார்க்கவில்லை.

"வெந்நீருக்கு எதிர்ல டீக்கடை இருக்கு," என்றார் பாய். "ஐஸுக்குக் கரும்பு ஜூஸ் வண்டி. ஐயா, உத்தரவு குடுங்க."

ரைட்டர் யோசித்தார். துப்பாக்கியை நிமிர்த்தி, உள்ளே மருந்து இல்லை என்று கம்பியை விட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு ஒரு காவலரை எங்களோடு அனுப்பினார். துப்பாக்கியைக் காவலர்தான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் நான், என் மனைவி, பாய், மயில்காரர், பச்சைக்காரர். சாலையில் போன பஸ் ஒன்று வேகம் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

டீக்கடைக்கார அக்கா முதலில் காவலரைப் பார்த்தார்; அப்புறம் துப்பாக்கியைப் பார்த்தார்; அப்புறம் என்னைப் பார்த்தார்.

"யாரச் சுடப் போறீங்க? கடன் சொன்னவங்கள்லாம் அந்தப் பக்கம் உக்காந்துகினு இருக்காங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் குழலைக் கட்டையிலிருந்து பிரித்தேன். ஆப்பு இரண்டையும் தட்டி எடுத்து, பலாக்கட்டையை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் சுற்றிக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழலை நிமிர்த்திப் பிடித்து, அடியில் கேப்பு வைக்கிற சின்னத் துளையை விரலால் அடைத்துக்கொண்டேன். பாய் ஜூஸ் வண்டியிலிருந்து வாங்கி வந்த ஐஸ் தண்ணீரை வாய் வழியாக ஊற்றினார். விரல் மரத்துவிட்டது.

"இப்ப ஊத்துங்கக்கா. வளையத்து மேல மட்டும்."

முதல் கெட்டில் ஊற்றியாயிற்று. துணியால் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. நான் ஏற்றிய வேலை அவ்வளவு சுத்தம். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பக்கம் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாவது கெட்டில். அசையவில்லை.

"வேலய கொஞ்சம் மோசமா செஞ்சி தொலைச்சிருக்கக் கூடாதா," என்றாள் மனைவி.

"பேசாத, ஐஸ் போடச் சொல்லு."

"என்னையா பேசாதன்ற? இருபத்தஞ்சு வருசத்துல இன்னிக்குத்தான் நீங்க பேசிக்கினு இருக்கீங்க."

மூன்றாவது கெட்டிலை அக்கா நிதானமாக, டீ ஆற்றுகிற கைப்பழக்கத்தோடு, ஒரே கோடாக வளையத்தின்மேல் சுற்றி ஊற்றினார். நான் திருகி மேலே தள்ளினேன். "டிக்." ஏற்றியபோது கேட்ட அதே சத்தம். வளையம் ஒரு சுற்று சுற்றி, குழலின் மெல்லிய பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. கீழே ஈரத்தில் நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

பாய் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். காவலர் லைசென்ஸ் புத்தகத்தில் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தார். கடைசி எழுத்து ஒத்துப்போனதும் பெஞ்சில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எதற்கென்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அக்கா எல்லோருக்கும் டீ போட்டார். குழலுக்குள் தண்ணீர் இருக்கிறதே, துரு பிடிக்குமே என்று நான் மட்டும் டீயைக் குடிக்காமல் துணியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ரைட்டர் படம் எடுத்துக்கொண்டார். கட்டையை மாற்றியிருப்பதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கி, புத்தகத்துக்குள் வைத்தார். சீட்டைக் கட்டும்போது முந்திரிப்பழத்தை விரலால் தடவினார்.

"நீங்களே செதுக்கினதா?"

"ஆமாங்க."

"வளையத்த எங்கயாவது போடுங்க. நம்பர விட்டுட்டுப் போடுங்க."

ஓட்டு எண்ணி முடிந்து திரும்ப வாங்கப் போனபோது, மற்றத் துப்பாக்கிகள் சுவரில் சாய்ந்திருந்தன. என்னுடையதைக் கோணிப்பையை மடித்துப் போட்டு அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள். செருப்பு தரையில் தேயாமல் இருக்கவாம்.

வளையத்தை வேறு இடத்தில் போட எனக்கு மனம் வரவில்லை. அந்த இடம்தான் அதற்கு அழகு. மூன்று வாரவிடுமுறை உட்கார்ந்து, வளையத்தின் மேல்பக்கத்தில் அரத்தால் ராவி ஒரு சின்ன ஜன்னல் திறந்தேன். சுற்றிலும் மெல்லிய விளிம்பு விட்டேன். மறுபடி சூடு பண்ணி ஏற்றியபோது நம்பர் ஜன்னலுக்கு நேராக வந்து உட்கார்ந்தது. இத்தனை வருடம் என்னைத் தவிர யார் கண்ணிலும் படாமல் கிடந்த அந்த எழுத்துகள், சட்டம் போட்ட படம் மாதிரி ஆகிவிட்டன. இப்போது துப்பாக்கியில் முதலில் கண்ணில் படுவதே அதுதான்.

அடுத்து உள்ளாட்சித் தேர்தல் வந்தது. நான் முதல் நாளே போனேன். மரத்தடியில் பாய் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலைப் பார்த்து, சுற்றிலும் நாலு பொத்தான் பதித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்து நாலு பொத்தானையும் எடுத்து என் கையில் வைத்தார். ரைட்டர் தலை நிமிராமல், "நம்பர்?" என்றார்.

நான் துப்பாக்கியை நீட்டவில்லை. நிமிர்ந்து நின்று, மரத்தடி முழுக்கக் கேட்கும்படி நம்பரைச் சொன்னேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை.

பின்னால் என் மனைவி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "கேட்டீங்களா? எங்க வூட்டுக்காரருதான்."